இரண்டாவது குழாய்

முந்நூற்று எழுபத்தைந்து. கம்பிக்காரர் அதை மூன்றாம் தடவையாக எண்ணி, அண்ணனின் பழைய மாத்திரைக் கவர் ஒன்றுக்குள் வைத்து மடித்தார். மூன்று நூறு, ஓர் ஐம்பது, ஓர் இருபது, ஓர் ஐந்து. ஐந்து மட்டும் நாணயம். அது கவரின் மூலைக்கு ஓடிப்போய்ப் பதுங்கிக்கொண்டது. பக்கத்து அறையில் அண்ணன் செத்துக் கிடந்தார். செத்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

"இப்பப் போய் என்னங்க காசு எண்ணிக்கிட்டு இருக்கீங்க," என்றாள் மனைவி. அவள் வாசலில் நின்றபடி, வந்தவர்களுக்குக் கொடுத்த தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "வண்டிக்காரருக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"அங்க எல்லாம் இலவசமாச்சே. அங்க நமக்கு என்ன பாக்கி?"

"பழைய பாக்கி. ஊதாம்மா வரும். வந்தா அடுப்பங்கரைக்கு அனுப்பு."

"அவங்களை எதுக்கு வரச் சொன்னீங்க?"

அவர் கவரை இன்னொரு மடிப்பு மடித்தார். இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளுக்கு அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று தெரியும். தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

காலை ஆறு மணிக்கு அண்ணன் எப்போதும்போல் அடுப்பங்கரை மேசையில் உட்கார்ந்திருந்தார். மாத்திரையால் அவருக்குக் கை நடுங்கும். அதனால் அவருக்கு மட்டும் தேநீர் பாதித் தம்ளர்தான் ஊற்றுவார்கள். அதிலும் கொஞ்சம் மேசையில் சிந்தும். கம்பிக்காரர் குளித்துவிட்டு வந்தபோது அண்ணன் தம்ளரைப் பிடித்தபடியே இருந்தார். உள்ளே தேநீர் ஆடாமல் நின்றது. இருபத்தொன்பது வருஷமாக அந்தக் கையில் எதுவும் ஆடாமல் நின்றதில்லை. கம்பிக்காரர் முதலில் பார்த்தது அதைத்தான். முகத்தைப் பிறகுதான் பார்த்தார்.

தெருமுனை டாக்டர் வந்து இமையை விலக்கிப் பார்த்து, இதயம் என்று எழுதிக் கொடுத்தார். "இந்த மாத்திரைய ரொம்ப வருஷம் சாப்பிடுறவங்களுக்கு இப்படி ஆகிறது உண்டு. சிகரெட் வேற," என்றார். பேனா மூடியைத் தேடினார். அது அண்ணனின் தம்ளர் பக்கத்தில் உருண்டு கிடந்தது. எடுத்துக்கொண்டு போனார். வண்டி இரண்டு மணிக்கு என்று முடிவானது.

பத்து மணிக்குக் கீழ்வீட்டு டிரைவர் வந்தார். உடுப்பு மாற்றாமல், டாக்சிச் சாவி கையில் இருக்க, கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றார். இந்தத் தெருவில் அண்ணனுக்கு ரேடியோ என்று பெயர். தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டு போவார், நடுவில் நிறுத்துவார், தலையாட்டுவார், மறுபடி தொடங்குவார். அந்தப் பெயரை வைத்ததே டிரைவர்தான். பதினைந்து வருஷமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதில் இருந்த கேலி தேய்ந்துபோய் வெறும் பெயராகிவிட்டது.

"ரேடியோவை ஆஃப் பண்ணிட்டாங்களே," என்றார் டிரைவர். சொன்ன பிறகுதான் அது என்ன பேச்சு என்று அவருக்கே உறைத்தது. சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "தப்பா எடுத்துக்காதீங்க. வாய் தவறி வந்துடுச்சு."

"இருக்கட்டும். அவர் இருந்தா சிரிச்சிருப்பார்."

"நேத்துக்கூட என்கிட்ட ரெண்டு சிகரெட் வாங்கினார். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவங்களுக்குன்னார். யாருய்யா அவங்கன்னு கேட்டேன். சொல்லல."

கம்பிக்காரர் தலையை ஆட்டினார். அந்த 'அவங்க' யார் என்று இந்த வீட்டில் எவருக்கும் அண்ணன் சொன்னதில்லை.

அண்ணனுக்கு இருபத்திரண்டு வயதில் தொடங்கியது. புத்தகம் கட்டும் கடையில் வேலை பார்த்தார். கெட்டிக்காரர், பசை தடவினால் விரலில் ஒட்டாது என்பார்கள். ஒரு நாள் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் எதிரே உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றார். அது தன் பெயரைச் சொல்கிறது, முழுசாகச் சொல்லி முடிக்கட்டும் என்றார். அன்றைக்குக் கடைக்காரர் ஆள் அனுப்பி அழைத்துப் போகச் சொன்னார். அழைத்து வந்தவர் தம்பி. அதன் பிறகு எங்கே அழைத்துப் போவதென்றாலும் தம்பிதான்.

கம்பிக்காரரின் மகளுக்கு அடுத்த மாதம் இருபத்திரண்டு.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு குறையும் இல்லாத பெண். ஆனால் ஒரு வருஷமாக அவள் காதில் பட்டாணி அளவு வெள்ளையாக ஒன்றை மாட்டிக்கொண்டு பேசுகிறாள். கம்பி இல்லை, கையில் போன் இல்லை. மாடிப்படியில் பேசுகிறாள், துணி மடிக்கும்போது பேசுகிறாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிச் சிரிக்கிறாள். கம்பிக்காரர் கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை முடிந்து வந்து, முதுகு வலியோடு, அந்தக் கதவுக்கு வெளியே நிற்பார். அவள் பேச்சுக்கு நடுவில் விடும் இடைவெளியை அளப்பார். மறுபக்கம் ஒருவர் பதில் சொல்லும் அளவுக்கு இடைவெளி இருந்தால் கொஞ்சம் மூச்சு வரும். பிறகு, அண்ணனும் இப்படி இடைவெளி விட்டுத்தானே பேசுகிறார் என்று தோன்றும். வந்த மூச்சு பாதியில் நிற்கும்.

மனைவியிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் அவளும் வந்து கதவுக்கு வெளியே நிற்பாள்.

ஊதாம்மா பதினொன்றரைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வுப் பிரிவில் வேலை. ஆறு வருஷத்துக்கு முன் மாத்திரை கொடுக்கும் மருத்துவமனைக் கூடத்தில் ரத்தம் எடுக்க வந்தவள். குழாய்களுக்கு ஊதா நிற மூடி இருந்ததால் அண்ணன் அப்படிப் பெயர் வைத்தார். கட்டிலருகே வந்து கை கட்டி நின்றாள். பிறகு அடுப்பங்கரைக்கு வந்தாள்.

கம்பிக்காரர் கவரை மேசையில் அவள் பக்கம் தள்ளினார்.

"என்ன ஐயா இது?"

"முந்நூத்தி எழுபத்தஞ்சு. அண்ணன் பேர்ல வாங்கினது. அது அண்ணன் ரத்தம் இல்லம்மா. ரெண்டு குழாயும் என்னோடது."

அவள் ஆச்சரியப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அன்று நடந்தது இதுதான். வம்சத்தில் வருகிற நோயா என்று பார்க்கிறோம், நோயாளியும் கூடப்பிறந்தவரும் ஆளுக்கு ஒரு குழாய் ரத்தம் தர வேண்டும், போக்குவரத்துக்கும் ஒரு நாள் கூலிக்குமாகத் தலைக்கு முந்நூற்று எழுபத்தைந்து என்று சொன்னார்கள். ஒரு காகிதத்தைக் கடகடவென்று படித்துக் காட்டினார்கள். கம்பிக்காரருக்கு அப்போது எழுத்து தெரியாது. கம்பியின் தடிமனைத் தொட்டுச் சொல்வார், வரைபடத்தைக் கோடு பார்த்துப் புரிந்துகொள்வார், எழுத்து மட்டும் தெரியாது. காகிதத்தில் அவருக்குப் புரிந்தது கையெழுத்து போட வேண்டிய இடம்தான். தர மாட்டேன் என்றால் மாசா மாசம் தரும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று அவராக நினைத்துக்கொண்டார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அரசாங்க மேசைக்கு எதிரே நின்று பழகியவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் ஊசியைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ரத்தத்துலதான்டா என் அட்ரஸ் இருக்கு. குடுத்தா அவங்க நேரா வந்துருவாங்க," என்றார். கெஞ்சினாலும் அதட்டினாலும் அதே பதில். கடைசியில் கம்பிக்காரர் தன் காகிதத்தோடு போய் இடது கையைக் கொடுத்தார். கால் மணி கழித்து, அண்ணனின் கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்து மாட்டிக்கொண்டு, அண்ணனின் காகிதத்தோடு அடுத்த மேசைக்குப் போய் வலது கையைக் கொடுத்தார். கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. நடைபாதையில் தொப்பி இல்லாத தலையோடு உட்கார்ந்திருந்த அண்ணன் மட்டும் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது. அந்தப் பணத்தில் அவருக்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கினார்கள்.

"எங்களுக்குத் தெரியும் ஐயா," என்றாள் ஊதாம்மா. "மூணாவது மாசமே மெஷின் சொல்லிடுச்சு. ரெண்டு குழாயும் ஒரே மாதிரி இருக்கு, ஒண்ணு ரெட்டைப் பிள்ளைங்க, இல்ல தப்புன்னு. உங்களுக்கும் அவருக்கும் அஞ்சு வயசு வித்தியாசம். அஞ்சு வருஷம் தள்ளிப் பொறந்த ரெட்டைப் பிள்ளைங்க உண்டா?"

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?"

"மூணு தடவை போன் பண்ணேன். மூணு தடவையும் ராங் நம்பர்னு சொல்லி வச்சீங்க. உங்க குரல்லயேதான் சொன்னீங்க."

அவர் மேசையைப் பார்த்தார். காலையில் சிந்திய தேநீர் ஒரு வட்டமாகக் காய்ந்திருந்தது.

"அப்ப அந்த ரத்தத்த என்ன செஞ்சீங்க?"

"ரெண்டையும் ஒதுக்கி வச்சுட்டோம். எது யாரோடதுன்னு நிச்சயம் இல்லாதத கணக்குல சேர்க்க முடியாது."

"அப்ப எனக்குள்ள என்ன இருக்குன்னும் பாக்கல."

"பாக்கல."

அவர் எழுந்து போய் அடுப்பங்கரைக் கதவைப் பாதி சாத்தினார். திரும்பி வந்து உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரும்புக் கறை ஏறிய விரல்கள். நாளெல்லாம் கட்டுக்கம்பியை வளைத்து முறுக்கி முறுக்கி நகமெல்லாம் தட்டையாகிவிட்டன.

"இப்ப எடும்மா," என்றார்.

"என்ன ஐயா?"

"அண்ணன் ரத்தம். வண்டி ரெண்டு மணிக்குத்தான். குழாய் பையில இருக்குமில்ல. எடுத்துட்டுப் போய்ப் பாரு. அவரோடத முதல்ல பாரு, அப்புறம் என்னோடதையும் எடு. பொண்ணுக்கு வருமா வராதான்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம். இன்னிக்கு அவர் வேணாம்னு சொல்ல மாட்டார்."

சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டதுபோல் நின்றார்.

ஊதாம்மா பையைத் திறக்கவில்லை. மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு வேணாம்னு சொன்னாரில்ல ஐயா."

"அது... அவர் மனசு சரியில்லாதவர். அட்ரஸ் அது இதுன்னு ஏதோ சொன்னார்."

"என்ன காரணம் சொன்னாலும் அது அவர் சொன்ன பதில். மாத்திரை சாப்பிடணுமா, ஊசி போடணுமா, ஆஸ்பத்திரியில இருக்கணுமான்னு யாராச்சும் அவர்கிட்ட கேட்டிருப்பாங்களா? நாங்க ஒண்ணு கேட்டோம். வேணாம்னார். இப்ப உயிர் போனதுக்கப்புறம் நான் அதை மாத்த முடியாது. சட்டமும் விடாது."

வாசல் பக்கம் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மனைவி வரவேற்கும் குரலும் கேட்டது.

"இன்னொண்ணும் சொல்றேன்," என்றாள் அவள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எடுத்தாலும் உங்களுக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இருக்காது. இது ஒரே ஒரு கோளாறால வர்றதில்ல. நூத்துக்கணக்கான இடத்துல சின்னச் சின்ன மாத்தம். ஒவ்வொண்ணும் இம்மியளவு. அதெல்லாம் சேர்ந்து, அதோட வளர்ந்த விதம், பட்ட கஷ்டம் எல்லாம் சேர்ந்து. ஒரே வயித்துல ஒண்ணா இருந்த ரெட்டைப் பிள்ளைங்கள்லயே ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வராம இருக்கு."

"ஏதோ கூட்டிப் போட்டு மார்க் மாதிரி சொல்றாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"சொல்றாங்க. ஆனா அந்தக் கணக்கைப் போட்டது பெரும்பாலும் வேற நாட்டு ஆளுங்க ரத்தத்தை வச்சு. நம்ம மாதிரி ஆளுங்க அதுல ரொம்பக் கொஞ்சம். அந்த மார்க்கை நம்ம மேல வச்சா சரியா வராது. அதனாலதானே நாங்க வீடு வீடா குழாயைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சோம்."

கம்பிக்காரர் நாற்காலி முதுகில் விரலால் ஒரு கோடு போட்டார்.

"வேற பில்டிங் டிராயிங்கை வச்சு இந்த பில்டிங்குக்குக் கம்பி வெட்டுற மாதிரி," என்றார்.

"அப்படித்தான்."

"நாங்க வெட்டிருக்கோம். ஒரு தடவை. ஒண்ணும் உட்காரல."

அவள் லேசாகச் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"ஏதாவது ஒரு கணக்கு இருக்குமில்லம்மா. சும்மா ஒரு கணக்கு."

"பெரியப்பாவுக்கு இருந்தா, நூறு பேருக்கு மூணு நாலு பேர்னு புத்தகத்துல போட்டிருக்கும். மத்தவங்களுக்கு நூத்துக்கு ஒண்ணு. அதுவும் பெரும்பாலும் வேற நாட்டு ஆளுங்கள எண்ணினதுதான். மீதி தொண்ணூத்தாறு பேரைப் பாருங்க ஐயா."

அவருக்கு ஒரே ஒரு பெண். நூறு பேரை எங்கே போய்ப் பார்ப்பது.

கதவு தள்ளப்பட்டது. மகள் வெறும் தம்ளர்களோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. காதில் எதுவும் இல்லை. தம்ளர்களைத் தொட்டியில் வைத்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள்.

"அப்பா, பெரியப்பாவுக்கு எந்தச் சட்டை போடணும்னு அம்மா கேக்குறாங்க," என்றாள்.

"நீலம்."

"நீலத்துல பட்டன் இல்ல."

"அப்ப எதாவது."

"நான் தைச்சுடறேன்." ஊதாம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு பேரும் அவள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஊதாம்மா கவரை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"இதை வாங்கிக்க எங்ககிட்ட இடமே இல்ல. அந்த ஆய்வோட கணக்கைப் போன வருஷமே மூடிட்டாங்க. நான் வாங்கினா என் பையில போட்டுக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"எனக்கு அது தொண்டையில நிக்குதும்மா. ஆறு வருஷமா." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நாப்பத்தஞ்சு வயசுல எழுத்துக் கத்துக்கிட்டேன். தொழிலாளர் சங்கத்து மாடியில சாயங்கால வகுப்பு. அங்க குடுத்த பாடமெல்லாம் முடிஞ்சதும் வீட்டுல இருந்த காகிதத்தையெல்லாம் எடுத்துப் படிச்சேன். உங்க காகிதமும் இருந்துச்சு. 'பங்கேற்க மறுத்தாலும் சிகிச்சை எவ்விதத்திலும் பாதிக்கப்படாது.' ஒரு மணி நேரம் ஆச்சு அந்த ஒரு வரிக்கு."

ஊதாம்மா பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"அதுக்குக் கீழ, 'தனிப்பட்ட முடிவுகள் தெரிவிக்கப்பட மாட்டாது.' அதையும் படிச்சேன். படிச்சுட்டுத்தான் இன்னிக்கு உன்னைக் கூப்பிட்டேன்."

அவள் பையைத் திறந்தாள். குழாய் வரவில்லை. கார்பன் வைத்த ஒரு படிவக் கட்டு வந்தது. மேசையைத் துடைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். நிதானமாக, அவர் படிக்கும்படி பெரிய எழுத்தாக எழுதினாள். விலகலுக்கான காரணம் என்ற இடத்தில் மரணம் என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து அதை அடித்துவிட்டு, பங்கேற்பாளர் ஆரம்பத்திலேயே மறுத்துவிட்டார் என்று எழுதினாள். ரத்த மாதிரி: இல்லை. வழங்கிய தொகை: 375. அதற்கு எதிரே: தள்ளுபடி. கீழே கையெழுத்து போட்டு, மஞ்சள் பிரதியைக் கிழித்து அவரிடம் கொடுத்தாள்.

"கணக்கு மூடியாச்சுன்னியேம்மா. இது செல்லுமா?"

"கோப்புல இருக்கும்," என்றாள். "அவர் வேணாம்னு சொன்னது எங்கேயாவது எழுதி இருக்கட்டும்."

அவள் போன பிறகு கம்பிக்காரர் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மகள் நீலச் சட்டைக்குப் பட்டன் தைத்துப் போட்டுவிட்டிருந்தாள். ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். கைமடிப்பு ஏறியிருந்தது. முழங்கையின் உள்பக்கம் வெளுப்பாக, ஒரு தழும்பும் இல்லாமல் இருந்தது. மாதாந்திர ஊசியெல்லாம் இடுப்பில்தான் போடுவார்கள். அந்தக் கையை அண்ணன் யாருக்கும் நீட்டியதில்லை. கம்பிக்காரர் கைமடிப்பை இறக்கி மணிக்கட்டுவரை இழுத்துவிட்டார்.

வண்டி இரண்டேகாலுக்கு வந்தது. டிரைவர் தலைப்பக்கம் பிடித்தார், கம்பிக்காரர் கால்பக்கம். மாடிப்படித் திருப்பத்தில் நிமிர்த்த வேண்டியிருந்தது. "பார்த்து, பார்த்து," என்றார் டிரைவர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. தகனக் கூடத்தில் இவர்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்ப ஆறு மணி ஆகிவிட்டது.

வாசலில் கேன்வாஸ் ஷூ அப்படியே கிடந்தது. மனைவி வீட்டைக் கழுவிவிட்டு, ஈரத் தரையில் காலை நீட்டிச் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அடுப்பங்கரை அலமாரியில் ஏழு அறை கொண்ட மாத்திரை டப்பா இருந்தது. இன்றிலிருந்து சனிக்கிழமைவரை மாத்திரைகள் அப்படியே இருந்தன. கம்பிக்காரர் மஞ்சள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய, மறுபடி ஒரு தடவை படித்தார். த-ள்-ளு-ப-டி. மடித்து டப்பாவின் அடியில் வைத்தார். கவரைப் பிரித்து நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டார். நாணயம் மூலையை விட்டு வர மறுத்தது. தட்டி எடுத்தார்.

அப்போது மகளின் அறையிலிருந்து பேச்சு கேட்டது. தாழ்ந்த குரல்.

அவர் போய் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றார். கதவு இன்று முழுசாகச் சாத்தியிருக்கவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "ம்... காலையிலதான்... இல்ல, கஷ்டப்படல... டீ குடிச்சுக்கிட்டு இருந்தார்." நிறுத்தினாள். கம்பிக்காரர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவள் தலையாட்டினாள். ஐந்து.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். காதிலிருந்த வெள்ளையைக் கழற்றித் தலையணை மேல் வைத்தாள். போனை எடுத்து விரலால் ஒரு தரம் தொட்டு, திரை அவர் பக்கம் இருக்கும்படி மடியில் வைத்தாள்.

"ஹலோ?" என்றது ஒரு பெண் குரல், அறை முழுக்கக் கேட்கும்படி. "என்னடி, திடீர்னு எதிரொலிக்குது? நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது," என்றாள் மகள், அவரைப் பார்த்தபடி. "நீ பேசு."

அந்தக் குரல் பேசிக்கொண்டே போனது. நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லியாகிவிட்டது, லென்ஸ் பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன, மேனேஜர் எண்ணியதில் ஒன்று குறைகிறதாம். கம்பிக்காரர் நிலைப்படியில் உட்கார்ந்து, முடியும்வரை கேட்டார்.